காம்புப் பக்கத்துத் துண்டு

பிரேசர் டவுன் பூங்காவின் கிழக்கு வாசலில், காலை ஆறு மணியிலிருந்து எட்டரை வரை, ஆறு வருடம் சாறு விற்றவள் கிரேஸ். எட்டரைக்குப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் அன்றைக்கு அவள் பேச்சு முடிந்தது. உம்மணாமூஞ்சி என்று சொல்ல முடியாது. பேசுவதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான். மசூதிக்குப் பின்னால் உள்ள சந்தில் ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு மிக்சி, சுவரில் சிலுவை, அதன் கீழே தாஸின் போட்டோ. மறுநாள் காலை ஆறு மணி வரை அந்த அறையில் சத்தம் என்றால் மிக்சியின் சத்தம்தான்.

அவள் புருஷன் தாஸ் கோலார் தங்கச் சுரங்கத்தில் இருபத்திரண்டு வருடம் இறங்கி ஏறியவன். கல்தூசு நுரையீரலில் படிந்து, கடைசி இரண்டு வருடம் உட்கார்ந்தபடியேதான் தூங்கினான். கிரேஸ் அப்போது ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. டாக்டர்கள் கை விரித்த பிறகு யார் எதைச் சொன்னாலும் வாங்கிக் கொடுத்தாள். தூதுவளை கொடுத்தாள், ஆடாதோடைக் கஷாயம் கொடுத்தாள். தொண்டைக்கு இதமாக இருந்ததாக அவனே சொன்னான். பிறகு யாரோ ஒருவன் காகிதத்தில் பொட்டலம் கட்டி ஒரு கறுப்பு உருண்டை கொண்டுவந்தான். மூலிகைதான், பயப்பட ஒன்றுமில்லை என்றான். என்ன மூலிகை என்று கேட்டதற்குச் சிரித்தான். பத்து நாளில் தாஸின் முகமும் காலும் வீங்கின. அதனால்தான் போனானா, போக இருந்தவன்தான் போனானா என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அந்த உருண்டையில் என்ன இருந்தது என்பது கிரேஸுக்குக் கடைசிவரை தெரியாது.

அவன் போன மறுவருடம் பெங்களூருக்கு வந்துவிட்டாள். பிள்ளை குட்டி கிடையாது. வீட்டு வேலைக்குப் போன இடத்தில் ஒரு அம்மாளுக்குத் தினமும் சுரைக்காய்ச் சாறு பிழிந்து கொடுத்தாள். அந்த அம்மாள்தான், பூங்கா வாசலில் போட்டால் நாலு பேர் குடிப்பார்களே என்றாள். அப்படி ஆரம்பித்தது.

நெல்லிக்காயும் பாகற்காயும் வாழைத்தண்டும் வீட்டிலேயே அரைத்துத் தூக்கில் கொண்டுவருவாள். சுரைக்காயை மட்டும் வாசலில், எல்லார் கண் முன்னாலும்தான் வெட்டுவாள். பெயர் சொல்ல முடியாத எதையும் விற்பதில்லை. பொடி இல்லை, லேகியம் இல்லை. சுரைக்காயை எடுத்தால் முதலில் காம்புப் பக்கத்தில் ஒரு துண்டு, அடிப்பக்கத்தில் ஒரு துண்டு சீவி நாக்கில் வைப்பாள். கண்ணை மூடி ஒரு நொடி நிற்பாள். தலையாட்டினால்தான் காய் மிஷினுக்குள் போகும். கையால் சுற்றுகிற இரும்பு மிஷின் அது.

எப்போதாவது ஒரு காய் கசக்கும். பார்வைக்கு மற்றதைப் போலத்தான் இருக்கும், பச்சையாக, பிஞ்சாக. அந்தக் கசப்பு விஷம். சுரங்க ஆஸ்பத்திரியில் இருந்தபோது, கசந்த சுரைக்காயைக் கூட்டு வைத்துத் தின்றுவிட்டு ஒரு குடும்பமே வாந்தியும் பேதியுமாக வந்து படுத்ததை அவள் பார்த்திருக்கிறாள். வேகவைத்தாலும் அது போகாது. ஆறு வருடத்தில் அப்படி நாலு காய் அவள் நாக்கில் அகப்பட்டது. நாலையும் தூரப் போட்டாள். அப்படிப் போடுவதைப் பார்த்துத்தான் ஜனங்களுக்கு அவள்மேல் நம்பிக்கை வந்தது.

மேற்கு வாசலில் சிவசங்கரன் என்பவன் வண்டி போட்டிருந்தான். பதினேழு வகை இலை, காய், வேர் எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்துப் பச்சையாக ஒரு சாறு. சர்க்கரை முதல் முழங்கால் வலி வரை அதுவே மருந்து என்று பலகை வைத்திருந்தான். அந்தப் பக்கம் போய்வருகிறவர்கள் கிரேஸைச் சீண்டுவார்கள்.

"அவன் பதினேழு போடறான். நீ ஒண்ணே ஒண்ணு போடறே. ரேட்டு மட்டும் ஒரே ரேட்டு" என்பார் சேஷகிரி.

"பதினேழுல எது உனக்கு ஒத்துக்கல்லன்னு எப்டி சார் கண்டுபுடிப்ப? எங்கிட்ட ஒண்ணுதான். ஒத்துக்கலன்னா என்னைத் திட்டு, தீந்துச்சு."

சேஷகிரி பாங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் சேலம் பக்கம். மூன்று தலைமுறையாகப் பெங்களூர். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், கோபம் வந்தால் இங்கிலீஷ். பதினைந்து வருடமாகச் சர்க்கரை. மழை பெய்தாலும் குடையோடு வருவார். ஆறு மணி பத்து நிமிடத்துக்கு அவருடைய வெள்ளைக் கான்வாஸ் ஷூ வாசலில் தெரியும்.

"இன்னா சார், மாத்திரை போட்டியா?"

"போட்டேன், போட்டேன். நீ என்ன டாக்டரா?"

"மாத்திரைய நிறுத்திட்டேன்னு தெரிஞ்சுது, ஜூஸையும் நிறுத்திருவேன். இது சோறு மாதிரி சார். மருந்து இல்ல."

"என் பொண்டாட்டி உயிரோட இருந்தப்போகூட இவ்வளவு மிரட்டலைடி அம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் கிளாஸை நீட்டுவார். தினமும் இதே பேச்சு. சாறு குடிப்பதைவிட இந்தப் பேச்சுக்காகத்தான் வருகிறாரோ என்று கிரேஸுக்குத் தோன்றும். அவளும் அதற்காகத்தான் வந்தாள்.

வைஷ்ணவி என்று ஒரு பெண். ஈரோட்டுக்காரி, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஒருநாள் தன் மாமியாரை அழைத்துவந்து வாழைத்தண்டுச் சாறு கேட்டாள். அந்த அம்மாளின் கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. கிரேஸ் குனிந்து விரலால் அமுக்கினாள். குழி விழுந்து அப்படியே நின்றது.

"தர மாட்டேன்" என்றாள்.

"அக்கா, கிட்னிக்கு நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்களே?"

"கல்லு இருந்தா குடிக்கிறாங்க, சரி. கிட்னியே சோந்து போயிருந்தா இது ஆவாது. மொதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கினு வா. டாக்டர் குடிக்கலாம்னு சொன்னா நானே வூட்டாண்ட கொண்ணாந்து தரேன்."

டெஸ்ட்டில் கிட்னி பாதிதான் வேலை செய்கிறது என்று தெரிந்தது. வாழைத்தண்டு, இளநீர் எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வைஷ்ணவி வந்து கிரேஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு எட்டரைக்குப் பிறகும் கிரேஸுக்கு அந்தக் கை ஞாபகம் இருந்துகொண்டேயிருந்தது. யாரும் அவள் கையைத் தொட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது.

தொண்ணூற்றொன்பதாம் வருடம் ஆகஸ்ட் மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுத்துவிட்டாள். மாடியில் குடியிருந்த ரஞ்சிதம் என்ற பெண் குழாயடியில் பார்த்து, "என்னக்கா, இளைச்சுட்டீங்க?" என்று கேட்டுவிட்டு ஆயத்த ஆடைக் கம்பெனிக்கு ஓடினாள். இரண்டு வருடமாக மேலும் கீழுமாகக் குடியிருந்தார்கள். குழாயடியைத் தாண்டி இருவருக்கும் பேச்சு இருந்ததில்லை.

காய்ச்சல் விட்ட அன்று காபி போட்டுக் குடித்தாள். வெந்நீர் மாதிரி இருந்தது. பால்காரன் தண்ணீர் ஊற்றிவிட்டான் என்று நினைத்தாள். மத்தியானம் ரசம் வைத்தாள். சூடு தெரிந்தது, புளிப்பு தெரியவில்லை. ஊறுகாயை எடுத்து நக்கினாள். நாக்கு எரிந்தது, உப்பு தெரியவில்லை. அப்போதும் பயம் வரவில்லை. காய்ச்சல் வாய் அப்படித்தான் இருக்கும், நாலு நாளில் சரியாகிவிடும். ஐந்தாம் நாள் பாகற்காய் அரைத்துக்கொண்டிருந்தவள், விரலில் ஒட்டியதைச் சும்மா நாக்கில் வைத்தாள். நின்றுவிட்டாள். ஒரு கரண்டி எடுத்து வாயில் ஊற்றினாள். ஈரமாக, குளிர்ச்சியாக ஏதோ தொண்டையில் இறங்கியது. பாகற்காய் என்று கண்தான் சொன்னது.

கிளினிக்கில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். காய்ச்சலில் சிலருக்கு இப்படி நரம்பு மரத்துப்போகும் என்றார். சில மாதத்தில் திரும்பலாம். திரும்பாமலும் போகலாம். மாத்திரை எழுதித் தந்தார். "சமையல்ல உப்பு ஜாஸ்தி போட்டுடாதீங்கம்மா, தெரியாது உங்களுக்கு" என்று சிரித்தார். கிரேஸும் சிரித்து வைத்தாள்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து யோசித்தாள். சொல்லிவிடலாம். சொன்னால் சுரைக்காய் போகும். சுரைக்காய் போனால், அதற்காக வருகிறவர்கள் நெல்லிக்காய்க்கு நிற்கமாட்டார்கள். சம்பாத்தியம் போனால் பரவாயில்லை. யார் வீட்டிலாவது பாத்திரம் தேய்க்கலாம். ஆனால் "மாத்திரை போட்டியா" என்று யாரைக் கேட்பாள்? பாத்திரம் தேய்க்கிற வீட்டில் கேட்டால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள்.

ஆறு வருடத்தில் நாலே காய்தானே என்று நினைத்தாள். ரசல் மார்க்கெட்டில் பழகின கடை. பிஞ்சாகப் பார்த்து வாங்கினால் என்ன ஆகப்போகிறது? மூன்று மாதத்தில் நாக்கு திரும்பிவிடும். அதுவரைக்கும்தானே.

மறுநாள் வாசலில் துண்டு சீவினாள், நாக்கில் வைத்தாள், கண்ணை மூடினாள், தலையாட்டினாள். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவளுக்கு மட்டும் அந்த ஒரு நொடி நீளமாகிக்கொண்டே போனது. கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்போது, வாயில் இருப்பது ஒரு காகிதத் துண்டு என்று சொன்னால்கூட நம்பிவிடுவாள். வீட்டில் சமைப்பதும் குறைந்தது. ருசி தெரியாதபோது சோறு வேலை மாதிரி ஆகிவிட்டது. மென்று விழுங்கி முடிக்கவேண்டிய வேலை.

ஐந்து வாரம் ஒன்றும் நடக்கவில்லை.

ஆறாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. சேஷகிரிக்கு வழக்கம்போலச் சுற்றிக் கொடுத்தாள். அடுத்த ஆளுக்குக் காய் எடுக்கத் திரும்பினாள்.

"ஆகா!" என்றார் சேஷகிரி. "இன்னிக்குப் பேஷா கசக்கறதே! பாவக்காய் கலந்தியா? இதைத்தான் சொல்றேன், சக்கரைக்காரனுக்குக் கசப்பு இருந்தாத்தான் உள்ள போனது மருந்துன்னு தோணறது."

அவள் திரும்பியபோது அவர் அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார். கிளாஸில் பாதி இல்லை. கிரேஸ் கையை ஓங்கி ஒரே அடி அடித்தாள். கிளாஸ் பறந்து போய் நடைபாதையில் விழுந்து உருண்டது. அவர் வெள்ளைச் சட்டை பூராவும் சாறு.

"துப்பு சார்! துப்பு! முழுங்காத!"

"என்னடி பைத்தியமா உனக்கு?"

"விஷம் சார் அது! துப்பு!"

இருபது நிமிடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆட்டோவில் ஏற்றும்போதே வாந்தி. ஆஸ்பத்திரியில் கிரேஸ் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, சுரைக்காய், கசந்த சுரைக்காய், அரை கிளாஸ் என்று டாக்டரிடம் சொன்னாள். ரத்த அழுத்தம் கீழே போயிருந்தது. மூன்று நாள் டிரிப் ஏற்றினார்கள். பிழைத்தார்.

அந்த வாரம் வாசலில் அவளைக் கண்டவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். காயில் ஒரு பக்கம் நல்லா இருந்து நடுவில் கசந்திருக்கும், பாவம் அவள் என்ன செய்வாள் என்றார்கள். கிளாஸைத் தட்டிவிட்டாளே, அது பெரிய காரியம் என்றார்கள். "மேற்கு வாசல்ல குடிச்சிருந்தா மனுஷன் போயே போயிருப்பார். அங்கே பதினேழு கசப்புல இது பதினெட்டாவது, யாருக்குத் தெரியும்?" என்றாள் வைஷ்ணவி. கிரேஸ் தலையைக் குனிந்துகொண்டு நெல்லிக்காய்ச் சாறு ஊற்றினாள். சுரைக்காய் கொண்டுவரவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பயந்துவிட்டாள் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

அடுத்த புதன்கிழமை சேஷகிரி வந்தார். கையில் ஒரு பை. பைக்குள் ஒரு சுரைக்காய்.

"நானே வாங்கிண்டு வந்துட்டேன். எல்லாரும் கேட்டுக்கோங்கோ. இவ நாக்கு தப்பாது. தப்பு காய் மேல. இந்தா, நன்னாப் பாத்துச் சொல்லு, இவா எல்லாருக்கும் தைரியம் வரட்டும்."

ஏழெட்டுப் பேர் நின்றார்கள். வைஷ்ணவி இருந்தாள். அலுமினியத் தட்டில் காயை வைத்து, காம்புப் பக்கம் ஒரு துண்டு சீவினாள் கிரேஸ். நாக்கில் வைத்தாள். கண்ணை மூடவில்லை. சேஷகிரி கிளாஸை எடுத்துத் தயாராகப் பிடித்திருந்தார். அவர் புறங்கையில் ஊசி குத்திய இடம் நீலமாகக் கன்றியிருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் ஓரம் அழுக்காகிப் பிரிந்திருந்தது.

துண்டைக் கையில் துப்பினாள்.

"எனக்குத் தெரியல சார்."

"என்ன தெரியலை?"

"கசக்குதா, கசக்கலையான்னு தெரியல. காய்ச்சல் வந்ததிலேருந்து நாக்கு செத்துப்போச்சு. காபி கூடத் தெரியல."

 நடந்து வந்தவர்களின் மூச்சுதான் கேட்டது.

"எத்தனை நாளாக்கா?" என்றாள் வைஷ்ணவி. குரல் வேறு மாதிரி இருந்தது.

"ஆகஸ்ட்லேருந்து."

ஒவ்வொருவரும் மனதுக்குள் எண்ணுவது கிரேஸுக்குத் தெரிந்தது. தாங்கள் குடித்த கிளாஸ்களை, குடிக்கக் கூட்டிவந்த சொந்தக்காரர்களை.

"அன்னிக்கும் தெரியாதா? நான் குடிச்ச அன்னிக்கு?" என்று கேட்டார் சேஷகிரி.

"தெரியாது சார்."

"தலையாட்டினியே."

"ஆட்டினேன்."

அவர் கிளாஸைத் தட்டில் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார். கர்ச்சீப்பை எடுத்துக் கையைத் துடைத்து, நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். இங்கிலீஷில் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டவில்லை. "மாத்திரை போட்டியான்னு தினம் கேட்டியே" என்றார். அவ்வளவுதான். பூங்காவுக்குள் போய்விட்டார். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். யாரும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவளும் நாலு வார்த்தை பேசியிருப்பாள்.

பத்து நாள் நெல்லிக்காய்த் தூக்கோடு போய் நின்றாள். முதல் நாள் மூன்று பேர். பிறகு தெரியாதவர்கள் ஒருவர் இருவர். ஆறு மணி பத்து நிமிடத்துக்கு வெள்ளை ஷூ மேற்கு வாசல் வழியாக உள்ளே வந்தது. இந்தப் பக்கம் வருகிறபோது, வாசலுக்குக் கொஞ்சம் முன்னாலிருந்த வேப்பமரத்தடியில் திரும்பி வேறு பாதையில் போனது. சிவசங்கரனிடம் அவர் எதுவும் வாங்குவதில்லை என்று யாரோ சொன்னார்கள். பதினொன்றாம் நாள் அவள் போகவில்லை.

சேஷகிரி கொண்டுவந்த சுரைக்காயை அவர் எடுத்துப் போகவில்லை. காம்புப் பக்கம் மட்டும் வெட்டுப்பட்டு, வீட்டில் ஈரத்துணி சுற்றியபடி கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்து அதைப் பார்த்தாள். அழுகவில்லை. வெட்டின இடம்தான் கறுத்திருந்தது. கூட்டு வைக்கலாமா என்று யோசித்தபோதுதான் அது புரிந்தது. இதைத் தனக்கே தான் சமைத்துக்கொள்ள முடியாது. தனக்காக ருசி பார்த்துச் சொல்ல ஒருத்தரும் இல்லை. தாஸின் போட்டோவை நிமிர்ந்து பார்த்தாள். அவன் இருந்தால் சமைக்கிறபோதே வந்து, சட்டியில் கைவிட்டு எடுத்துத் தின்று, திட்டு வாங்கியிருப்பான்.

தூக்கிப் போட்டிருக்கலாம். குப்பைத் தொட்டி சந்து முனையில்தான் இருந்தது. காயைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்தாள். மேலே ரஞ்சிதம் ரேடியோ வைத்திருந்தது கேட்டது. ஞாயிறு, கம்பெனி லீவு.

திரும்பி உள்ளே வந்தாள். கறுத்ததைச் சீவி எறிந்துவிட்டு, புதிதாக ஒரு துண்டு சீவி ஒரு தட்டில் வைத்தாள். இன்னொரு கையில் ஒரு டம்ளர் தண்ணீர். அந்த மாடிப்படியில் அவள் ஏறியதே இல்லை. படி குறுகலாக இருந்தது, தண்ணீர் தளும்பியது. கதவைத் தட்டக் கை இல்லாததால் முழங்கையால் இடித்தாள்.

ரஞ்சிதம் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே கதவைத் திறந்தாள். "அக்கா! என்னாச்சு, தண்ணி வரலையா?"

"அது இல்லம்மா. ஒரு சின்ன வேலை." கிரேஸுக்கு வார்த்தை சட்டென்று வரவில்லை. பத்து நாளாக யாரிடமும் அதிகம் பேசியிருக்கவில்லை. "இந்தத் துண்டைக் கொஞ்சம் நாக்குல வெச்சுச் சொல்லணும். முழுங்காத. வெச்சுட்டுத் துப்பிரு. வாய் கொப்புளிக்கத் தண்ணி கொண்ணாந்திருக்கேன்."

"இது இன்னாக்கா வேண்டுதலா?" ரஞ்சிதம் சிரித்தாள். எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு துண்டை எடுத்தாள்.

"முழுங்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"சரிக்கா, சரி." வாயில் வைத்தாள். மறுநொடி முகம் கோணியது. டம்ளரை வாங்கிக்கொண்டு ஓடிப்போய், பாத்திரம் கழுவும் மோரியில் துப்பினாள், கொப்புளித்தாள், மறுபடியும் துப்பினாள். "அய்யய்யோ, இன்னாக்கா இது, என்னா கசப்பு!"

கிரேஸ் தட்டைக் கதவோரம் கீழே வைத்தாள். கூட்டு வைத்துத் தின்றிருந்தால்! இல்லை, அதற்கும் முன்னால் ஒரு புதன்கிழமை இருந்தது. சேஷகிரியின் கையில் கிளாஸ், சுற்றிலும் ஏழெட்டுப் பேர். தலையை ஒருமுறை ஆட்டியிருந்தால் போதும்.

"உக்காருங்கக்கா. இன்னாத்துக்கு வாசல்லயே நிக்கிறீங்க? உள்ள வாங்க மொதல்ல."

உள்ளே தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது. கிரேஸ் உட்கார்ந்தாள். ரஞ்சிதம் இன்னும் நாக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்டிம்மா கசந்துச்சு?" என்று கேட்டாள் கிரேஸ். "பாகக்கா மாதிரியா?"

"பாகக்கா இல்லக்கா. அது கசந்துட்டுப் போயிரும். இது..." ரஞ்சிதம் யோசித்தாள். "இது நாக்குல இல்ல, அடித்தொண்டைல போயி உக்காந்துக்குது. தண்ணி குடிச்சாலும் போகல. இப்பக்கூட இருக்குது."

"ஆமா" என்றாள் கிரேஸ். "அப்டித்தான் இருக்கும். இன்னும் சொல்லு."